ஜானெட்டின் கம்பளி

மோரக்கிடம் ஏதாவது கேட்டால் பதில் வராது. நாற்காலிதான் நகரும்.

என் மகன் ஏன் எப்போதும் தாளத்துக்கு முந்தி ஓடுகிறான் என்று ஒரு தாய் வந்து கேட்டாள். மோரக் அந்தப் பையனின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், வயலின் குழுவிலேயே நிதானமாக வாசிக்கிற பெண்ணின் பக்கத்தில் போட்டார். இன்னும் ஏதாவது சொல்வார் என்று அந்தத் தாய் நின்றாள். மோரக் தேநீர் போடப் போய்விட்டார்.

இது நடந்தது பால்கெய்ர்னில். ஸ்காட்லாந்தின் வடகோடியில், கடலோரமாக ஒரு மீன்பிடி ஊர். வெயில் அங்கே விருந்தாளி மாதிரி. வந்தால் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். ஆசிரியரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். நமக்கு வாய் கூசும். அதனால் நான் மோரக்கை அவர் இவர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அந்தப் பெண்ணுக்கு வயசு என்னவோ முப்பதுகூட ஆகவில்லை.

சனிக்கிழமை காலைகளில் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் எண்பது பிள்ளைகள் வயலினோடு கூடுவார்கள். எட்டு வயதுக் குழந்தையும் பதினெட்டு வயதுப் பெண்ணும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிப்பார்கள். பார்த்து வாசிக்கத் தாள் கிடையாது. மோரக் ஒரு வரி வாசிப்பார், பிள்ளைகள் திருப்பி வாசிப்பார்கள். நம் பாட்டு வாத்தியார் வீட்டில் நடக்கிற கதைதான். எல்லாம் அந்த நாட்டுப் பழைய மெட்டுகள். ஆடுவதற்கு, அழுவதற்கு, கல்யாணத்துக்கு, கப்பலேறிப் போகிறவனை வழியனுப்புவதற்கு.

அந்த மெட்டுகளுக்குள் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வயலின்காரன் யார் வீட்டிலாவது சாப்பிட்டு, படுத்து எழுந்து, கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாமல் நின்றால், அந்த வீட்டுக்காரர் பேரில் ஒரு மெட்டுக் கட்டி வாசித்துவிட்டுப் போவான். வீடு போய்விடும், ஆள் போய்விடுவார், மெட்டு பேரோடு நிற்கும். பால்கெய்ர்ன் பிள்ளைகளின் செல்ல மெட்டும் அப்படிப்பட்டதுதான். பேர், ஜானெட்டின் கம்பளி. குளிரில் வெடவெடத்து வந்த ஒருவனுக்கு ஜானெட் என்பவள் தன் கம்பளியைக் கொடுத்தாளாம். விடிந்ததும் அவன் கம்பளியை மடித்து வைத்துவிட்டு இந்த மெட்டை வாசித்தானாம். ஜானெட் யார், எந்த ஊர், என்ன ஆனாள், ஒன்றும் தெரியாது. கம்பளி கொடுத்தாள் என்று தெரியும். போதாதா?

ஆண்டுக் கச்சேரி இந்த மெட்டோடுதான் முடியும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. குழுவில் கடைசியாகச் சேர்ந்த குழந்தை எழுந்து நின்று முதல் வரியைத் தனியாக வாசிக்கும். அது வாசித்துக்கொண்டிருக்கும்போதே, பதினெட்டு முடிந்து குழுவை விட்டுப் போகிற பிள்ளை தன் இடத்திலிருந்து எழுந்து மேடைக்கு முன்னால் நடந்து வரும். இரண்டாவது வரியில் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். அதற்கு மேலே, போகிற பிள்ளையின் வயலின் மட்டும் தனியாகப் பறக்கும். இப்படி மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றையும் அந்தக் குழந்தைதான் தொடங்கி வைக்க வேண்டும்.

மோரக்கும் இதே குழுவில் வளர்ந்தவர்தான். தன்னுடைய கடைசிக் கச்சேரியில் அவர் எழுந்து வரவேயில்லை. மேடைப் பயம் என்றது ஊர். அப்போது குழுவை நடத்தியவரோடு மனஸ்தாபம் என்றது ஊரின் இன்னொரு பாதி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மோரக் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. வெளியூரில் படித்துவிட்டுத் திரும்பி வந்தார், அதே குழுவை நடத்தத் தொடங்கினார். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், போகிற பிள்ளையின் நாற்காலியைத் தூக்கிக் கடைசியாகச் சேர்ந்த குழந்தைக்குப் பின்னால் போட்டதுதான். ஏன் என்று கேட்டார்கள். தேநீர் போடப் போய்விட்டார்.

இந்த வருஷம் போகிற முறை ஷீனாவுடையது.

ஷீனா, மீன் ஆலையில் வேலை பார்க்கிற ஒரு தாய்க்கு ஒரே மகள். எட்டு வயதில் குழுவுக்கு வந்தாள். பதினைந்தில் முதல் நாற்காலி, அதாவது மொத்தக் குழுவையும் இழுத்துக்கொண்டு போகிற இடம், அவளுக்கு வந்துவிட்டது. கெட்டிக்காரி. தான் கெட்டிக்காரி என்பது அவளுக்கும் தெரியும், அதை மறைக்கிற பழக்கமும் கிடையாது. வருஷா வருஷம் ஒவ்வொருவராக மேடை முன்னால் நடந்து போனதைப் பார்த்துப் பார்த்து, தன் நடையை மனசுக்குள் ஆயிரம் தடவை நடந்துவிட்டாள். தவறினால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சுக்கு இடமில்லை. வயசு விதி அப்படி. தாய் கச்சேரிக்கென்று ஷிஃப்ட் மாற்றி வாங்கியிருந்தாள். மகளுக்கு நீலத்தில் ஓர் உடையும் தைக்கக் கொடுத்திருந்தாள்.

முதல் நாற்காலிக்காரியான தனக்கு அந்த நாற்காலி விதி பொருந்தாது என்று ஷீனா நினைத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தால், அவள் நாற்காலி டோலினாவுக்குப் பின்னால் கிடந்தது. டோலினாவுக்கு எட்டு வயது. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, இன்னும் மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை.

ஷீனா நேராக மோரக்கிடம் போனாள்.

"நான் மோசமாகிவிட்டேனா?"

"இல்லை."

"பிறகு ஏன் அங்கே? அங்கே உட்கார்ந்தால் என் வாசிப்பு யாருக்கும் கேட்காது."

மோரக் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வாசியுங்கள் என்று பிள்ளைகளுக்குக் கை காட்டினார். முன்னால் டோலினா திக்கித் திணறி வாசித்ததைக் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து, நாற்காலியைக் கையால் ஒரு தட்டுத் தட்டி, ஷீனாவுக்கு விட்டார்.

"இங்கிருந்து இவள் வாசிப்பு கேட்கிறது" என்றார்.

ஷீனாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எழுந்திருக்கப் பயந்து தன் கடைசிக் கச்சேரியைக் கெடுத்துக்கொண்டவர், அடுத்தவர் கச்சேரியில் மூக்கை நுழைக்கிறார் என்று தோழிகளிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தால் கேட்கத்தானே செய்யும். டோலினா முதல் வரியில் ஓர் இடத்தில் எப்போதும் தயங்குவாள். மாடிப்படி ஏறுகிறவர்கள் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்கிற மாதிரி, ஒரு சுரத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மேலே போவாள். ஷீனா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அந்தத் தயக்கம் அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. டோலினாவுக்கோ பின்னால் ஷீனா உட்கார்ந்திருப்பது தலைகால் புரியாத சந்தோஷம். ஷீனா கட்டுகிற மாதிரியே தலைமுடியைக் கட்டிக்கொண்டாள், ஷீனா மூடுகிற மாதிரியே வயலின் பெட்டியை மூடினாள்.

ஒரு நாள் ஷீனாவின் பெட்டியை எட்டிப் பார்த்து, "அது என்ன?" என்று கேட்டாள்.

தேன் நிறத்தில் பளபளவென்று ஒரு ரோசின் கட்டி. வயலின் வில்லில் கட்டியிருக்கிற குதிரைவால் முடி வெறும் முடியாக இருந்தால் தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும், சத்தமே வராது. ரோசின் என்கிற பிசின் கட்டியை முடியில் தேய்த்தால் அதன் மாவு முடியில் ஒட்டும். அப்புறம்தான் தந்தி பேசும். ஷீனாவின் பெட்டியில் இரண்டு கட்டிகள். ஒன்று, நடுவில் குழி விழுந்து மங்கிப்போன பழைய கட்டி. தினமும் தேய்ப்பது அதைத்தான். இன்னொன்றுதான் இந்தப் பளபளப்பு. பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"என் முதல் கச்சேரிக்கு அம்மா வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு 'ஜானெட்டின் கம்பளி'யை நான்தான் தொடங்கினேன், இதைத் தேய்த்து வாசித்துத்தான். அன்றைக்கு வாசித்த மாதிரி நான் இன்றுவரை வாசித்ததில்லை" என்றாள் ஷீனா. சொல்லும்போது அவளுக்கே குரல் கொஞ்சம் இளகியது. அன்று அந்தச் சின்ன வயலினிலிருந்து வந்த இசையைக் கேட்டுத்தான், வாழ்நாள் முழுக்க இனி இதுதான் என்று அவள் முடிவு செய்தாள்.

டோலினா கண் இமைக்காமல் கேட்டாள். வீட்டுக்குப் போய்த் தகப்பனை நச்சரிக்கத் தொடங்கினாள்.

கச்சேரிக்கு முந்தின வாரம் சின்ன வில்களுக்கெல்லாம் புதுக் குதிரைமுடி போடுவார்கள். பெரிய பிள்ளைகள் அவற்றுக்கு ரோசின் தேய்த்துப் பழக்கிக் கொடுப்பார்கள். அந்த ஒத்திகை அன்று டோலினாவுக்குக் காய்ச்சல். அவள் வில்லை யாரோ வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டதும் அவள் நேராகக் கச்சேரிக்குத்தான் வந்தாள்.

கூடம் நிரம்பி வழிந்தது. ஷீனாவின் தாய் மூன்றாவது வரிசையில் கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தன் கையில் மீன் வாடை போகாது என்று அவளுக்கு எப்போதும் ஒரு கூச்சம். மேடையில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் வயலினை வாங்கி, தந்தியை விரலால் சுண்டிச் சுருதி சேர்த்துக் கொடுத்தார்கள். ஷீனாவும் டோலினாவின் வயலினைச் சுருதி சேர்த்துக் கொடுத்தாள். பிறகு கச்சேரி தொடங்கிவிட்டது.

மெட்டு மேல் மெட்டாகப் போனது. ஷீனாவுக்கு நினைப்பெல்லாம் தன் நடை மீதுதான். முன்னாலிருந்து டோலினாவின் சத்தம் வரவில்லை என்று நடுவில் ஒரு தடவை தோன்றியது. காய்ச்சலில் கை தளர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கடைசி மெட்டுக்கு முன்னால் கைதட்டல் எழுந்தபோது டோலினா திரும்பினாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தேன் நிறத்தில் ஒரு கட்டி.

"நிறையத் தேய்த்தேன். உன்னுடையது மாதிரியே இருக்கிறது, பார். ஒரு கீறல்கூட இல்லை."

ஷீனா குனிந்து கட்டியைப் பார்த்தாள். புது ரோசின் கட்டி கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். கத்தி முனையால் மேலே நன்றாகக் கீறிவிட்டால்தான் மாவு உதிரும். கீறாத கட்டியில் நாள் முழுக்கத் தேய்த்தாலும் முடியில் ஒன்றும் ஒட்டாது. டோலினாவின் வில்லைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று புது முடி. தந்திக்குக் கீழே மரத்தின் மேல் ஒரு பொட்டு மாவு இல்லை. இவ்வளவு நேரமும் குழந்தை ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. எண்பது வயலின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, எல்லாச் சத்தத்தையும் தன் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கூட்டத்தோடு வாசிக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற மயக்கம் அது.

மோரக் கையை உயர்த்திவிட்டார். டோலினா எழுந்து நின்றுவிட்டாள். கூடத்தில் ஓர் இருமல்கூட இல்லை.

ஷீனா எழுந்து நடக்க வேண்டிய நேரம். நீல உடையைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்தும்விட்டாள். டோலினாவின் வில் தந்தியின் மேல் இறங்கியது.

ஷீனா உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்து, தன் வில்லின் நுனியால், டோலினாவின் கையைப் பார்த்துப் பார்த்து வாசித்தாள். பத்து வருஷத்து வித்தையை ஓரமாக வைத்துவிட்டு எட்டு வயதுக் கையால் வாசித்தாள். குழந்தையின் வில் ஏறினால் ஏறினாள், இறங்கினால் இறங்கினாள். அந்தத் தயக்கம் வருகிற இடம் வந்தது. டோலினா நின்றாள். ஷீனாவும் அதே சுரத்தில் அதே அளவு நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதெல்லாம் இதற்குத்தானோ என்னவோ. கூடத்தில் இருந்தவர்களுக்கு ஒரு சின்னப் பெண் நின்று வாசிப்பது தெரிந்தது, ஒரு சின்னப் பெண்ணின் வாசிப்பு கேட்டது.

மேடை முன்னால் காலியாகக் கிடந்த இடத்தை மோரக் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஷீனாவைப் பார்த்தார். அவர் கை நிற்கவில்லை. இரண்டாவது வரிக்கு எல்லோரையும் அழைத்துக்கொண்டார்.

மூன்று சுற்றுக்கும் மேலே பறக்க யாரும் வரவில்லை. மூன்று சுற்றையும் டோலினாதான் தொடங்கினாள், மூன்று தடவையும் பின்னாலிருந்து ஷீனா வாசித்தாள்.

கைதட்டல் முடிந்ததும் வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. பயந்துவிட்டாள் என்றார்கள். மோரக்கிடம் படித்தவள் வேறு எப்படி இருப்பாள் என்றார்கள். ஷீனாவின் தாய் மேடைக்குப் பின்னால் இருந்த நடைவழியில் வந்து நின்றாள். ஏன் எழுந்து வரவில்லை என்று கேட்கத்தான் வந்தாள். மகள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. தன் கோட்டைக் கழற்றி மகளின் தோளில் போர்த்திவிட்டு, வெளியே காத்திருக்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டாள்.

டோலினா ஓடி வந்தாள்.

"நான் வாசித்தது கேட்டதா?"

"கேட்டது" என்றாள் ஷீனா. "ஒவ்வொரு சுரமும் கேட்டது."

அப்படியே பெட்டியைத் திறந்து, தான் தினமும் தேய்க்கிற குழி விழுந்த பழைய கட்டியை எடுத்து டோலினாவின் கையில் வைத்தாள். "உன் கட்டி முதல் கச்சேரிக் கட்டி. அதைத் தேய்க்காதே, பத்திரமாக எடுத்து வை. இனிமேல் இதைத் தேய்த்துக்கொள்."

டோலினா அதை வாங்கிக்கொண்டு தகப்பனிடம் ஓடினாள். ஷீனாவால் நகர முடியவில்லை. இந்த வார்த்தைகளை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். இதே நடைவழியில், அவளும் எட்டு வயதில், நான் வாசித்தது கேட்டதா என்று எதிரே வந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டு துள்ளி ஓடியபோது, ஒரு பெரிய பெண் அவளை நிறுத்தி இதையேதான் சொன்னாள். இந்தப் பழைய கட்டியை அவள் கையில் வைத்தாள். அந்த முகம் ஞாபகம் இல்லை. முகத்தைப் பார்க்கிற நிலையிலா அன்று இருந்தாள்?

பட்டுத் துணியைப் பிரித்தாள். அம்மா வாங்கிக் கொடுத்த கட்டியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. ரோசினைப் பற்றித் தெரிந்துகொண்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. இந்தக் கட்டியை எத்தனையோ பேரிடம் பெருமையாகக் காட்டியும் ஆகிறது. ஒரு தடவைகூட அவள் இதைப் பார்த்ததில்லை.

கூடம் காலியாகியிருந்தது. மோரக் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தார். ஷீனா போய் அந்தக் கட்டியை நீட்டினாள்.

"என் முதல் கச்சேரியில் என் வில் பேசியதா?"

மோரக் கட்டியை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நீ ரொம்ப நன்றாக வாசித்தாய்."

"எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது யார்?"

மோரக் ஒரு நாற்காலியை மடக்கினார்.

"நீங்கள் போகிற வருஷம் அது" என்றாள் ஷீனா. "நீங்கள் எழுந்து வராத வருஷம்."

மோரக் இன்னொரு நாற்காலியை மடக்கினார்.

ஷீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாயின் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரெல்லாம் உங்களைக் கோழை என்றது. நானும் சொன்னேன். என் வாழ்க்கையே அன்றைக்கு நீங்கள் வாசித்த அந்த வரியிலிருந்து வந்தது. பத்து வருஷத்தில் உங்களுக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே, மோரக்."

"இப்போதுதானே சொன்னாய்" என்றார் மோரக். "மூன்று தடவை."